கல்லூரியில் ஒரு கற்பித்தல் வட்டம் தொடங்குவது எப்படி?

கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறியாச்சு, முனைவர் பட்டமும் வாங்கியாச்சு, உதவிப் பேராசிரியர் என்று போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஆனால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று நம்மில் பெரும்பாலோருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பள்ளி ஆசிரியராக பி.எட். போல ஒரு பயிற்சிப் படிப்பு வேண்டும்; கல்லூரி ஆசிரியராக அப்படி எதுவும் வேண்டாம். நமக்குப் பாடம் எடுத்தவர்களில் யாரைப் பிடித்திருந்ததோ அவரைப் போலவே நாமும் எடுக்கிறோம். பிடிக்காதவர்களைப் போலவும் எடுக்கிறோம், அது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

பயிற்சியே கிடையாது என்று சொல்லவில்லை. 1986-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. சென்னை, கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகங்களிலெல்லாம் வந்தது. 2015-ல் அதற்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறி, 2023-ல் மாளவியா மிஷன் பயிற்சி மையம் என்று மறுபடியும் மாறியது. பதவி உயர்வுக்கு வேண்டும் என்பதால் எல்லோரும் போகிறோம், நல்ல உரைகளும் சில கேட்கிறோம். ஆனால் உங்கள் கல்லூரியில், உங்கள் இரண்டாம் ஆண்டு பி.காம். வகுப்பில், மதிய உணவுக்குப் பிந்தைய ஹவரில் என்ன நடக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அது தெரிந்தவர் உங்கள் பக்கத்து மேஜைக்காரர்தான். அவரிடம் நாம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறோம்.

அந்தப் பேச்சுக்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்குவதைத்தான் கற்பித்தல் வட்டம் என்கிறேன். ஆறு முதல் பத்து ஆசிரியர்கள், வெவ்வேறு துறை, ஓர் ஆண்டு முழுக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் கூடித் தங்கள் வகுப்புகளைப் பற்றி மட்டும் பேசுவது, ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்ப்பது, கிடைத்ததை எழுதி வைப்பது. புதிய யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தில் (புளோரிடா மயாமி வேறு, இது வேறு) 1979-லேயே இளம் ஆசிரியர்களை வைத்து இப்படி ஓராண்டுக் குழுக்கள் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962-ல் கற்பித்தலுக்கென்று தனி மையமே வைத்தது. நமக்கு மையமெல்லாம் வேண்டாம். ஒரு காலி அறை, எல்லோருக்கும் பொதுவான ஒரு ஹவர், அப்புறம் டீ.

ஆரம்பிப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கும். ஆசிரியர் ஆசிரியருக்கு உதவும் இடத்தையும், ஆசிரியரை மதிப்பிடும் ஃபைலையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சேர்ந்த அன்றைக்கு வட்டம் முடிந்தது. அதன்பிறகு கூட்டம் நடக்கும், போட்டோ இருக்கும், கையெழுத்து இருக்கும், ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள்.

ஆள் பிடிப்பது

சர்க்குலர் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். சர்க்குலர் பார்த்து வருபவர்கள் இரண்டு வகை: ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அனுப்பியதால் வருபவர், சர்டிபிகேட் கிடைக்குமா என்று கேட்க வருபவர். இருவரையும் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அவர்களை வைத்து ஆரம்பிக்க முடியாது.

முதலில் ஒரே ஒருவரைப் பிடியுங்கள், முடிந்தால் உங்கள் துறைக்கு வெளியே. எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டாஃப் ரூமில் காது கொடுத்தால் போதும். வகுப்பு முடிந்து வந்து "பசங்க ஒண்ணுக்கும் லாயக்கில்ல" என்று நாற்காலியில் சாய்பவர் ஒரு ரகம். "இன்னைக்கு அந்த டெரிவேஷனை மூணாவது ஸ்டெப்ல விட்டுட்டாங்க, ஏன்னே தெரியல" என்று சொல்பவர் இன்னொரு ரகம். இரண்டாமவர்தான் உங்கள் ஆள். அவருடன் இரண்டு மூன்று வாரம் சும்மா பேசுங்கள், ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்காருங்கள். பிறகு ஆளுக்கு இரண்டு பேரைக் கேளுங்கள், நேரில், தனித்தனியாக. ஆறு பேர் ஆனதும் ஆரம்பிக்கலாம். பத்துக்கு மேல் போனால் பேசுபவர் நால்வரும் கேட்பவர் மற்றவரும் என்று ஆகிவிடும்.

கலவை முக்கியம். ஒரே துறைக்காரர்கள் சேர்ந்தால் பேச்சு சிலபஸுக்குப் போய்விடும், அங்கிருந்து யாருக்கு எந்தப் பேப்பர் என்ற பழைய சண்டைக்குப் போய்விடும். கணக்கு ஆசிரியர் ஒருவர் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தால் பாடத்தில் பிழை கண்டுபிடிக்க அவரால் முடியாது. வேறு வழியில்லாமல் மாணவர்களைத்தான் பார்ப்பார். நமக்கு வேண்டியது அதுதான்.

உதவிபெறும் கல்லூரி என்றால் ஷிஃப்ட் ஒன்று (அரசு உதவியில் நடப்பது), ஷிஃப்ட் இரண்டு (சுயநிதி) என்று இரண்டு உலகம் இருக்கும். இரண்டிலிருந்தும் ஆட்கள் வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் கௌரவ விரிவுரையாளர்கள் இல்லாமல் வட்டம் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது, வகுப்புகளில் பெரும் பங்கு அவர்கள் தலையில் இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டு கற்பித்தலைப் பற்றி என்ன பேசுவது? ஆனால் அவர்கள் நிலைமை வேறு. வேலை நிரந்தரமில்லை, அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாது. அவர்களிடம் "முதல்ல என் கிளாஸுக்கு நீங்க வாங்க" என்று சொல்லுங்கள். அவர்கள் வகுப்புக்கு நீங்கள் போவது அவர்களே கூப்பிட்ட பிறகு.

முதல்வரிடம் என்ன சொல்வது

அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்காமல் நடத்தினால் ஏதோ சங்கம் வைக்கிறார்கள் என்று கதை கிளம்பும். ஆனால் அனுமதி கேட்கும் விதத்தில் எல்லாம் இருக்கிறது.

ஒரு பக்கக் கடிதம் போதும். இன்னின்ன ஆசிரியர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு ஹவர், வகுப்பறைக் கற்பித்தல் பற்றிக் கலந்து பேச விரும்புகிறோம், செலவில்லை, வகுப்பு எதுவும் பாதிக்காது, செமஸ்டர் இறுதியில் ஒரு பக்க அறிக்கை தருகிறோம். இவ்வளவுதான். "கல்லூரியின் கற்பித்தல் தரத்தை உயர்த்த" என்று எழுதாதீர்கள், இப்போது தரம் குறைவா என்று கேள்வி வரும். தொடக்க விழா, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மாலை வாங்க நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது ஐ.க்யூ.ஏ.சி., அதாவது கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு. இங்கேதான் வழுக்கும். 1994-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய நாக் (தேசியத் தர மதிப்பீட்டுக் குழு), கல்லூரிகளை மதிப்பிட வைத்திருந்த ஏழு அளவுகோல்களில் இரண்டாவதே கற்பித்தல், கற்றல், மதிப்பீடு பற்றியதுதான். அதனால் உங்கள் வட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர் சந்தோஷப்படுவார். அடுத்த நிமிடம் ஜியோடேக் போட்டோ (எடுத்த இடம் பதிவான படம்) கேட்பார், வருகைப் பதிவு கேட்பார், யார் யார் வகுப்பை யார் பார்த்தார்கள் என்ற அட்டவணை கேட்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சான்று வேண்டும். முன்கூட்டியே பேசி ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், பேசிய தலைப்பு, வந்தவர்களின் எண்ணிக்கை, இந்த நான்கும் தருவோம். யாருடைய வகுப்பைப் பற்றி என்ன பேசினோம் என்பதும், வகுப்பு பார்த்த குறிப்புகளும் வெளியே போகாது. அந்தக் குறிப்பு யாருடைய வகுப்பைப் பற்றியதோ அவருக்குச் சொந்தம், பேசி முடித்ததும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. இதை வாயால் மட்டும் சொல்லாமல் அந்த ஒரு பக்கக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதி முதல்வர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதல்வர் மாறினால் அந்த வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

நேரம், இடம்

டே ஆர்டர் முறையில் (கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணும் டைம்டேபிள்) ஓடும் கல்லூரிகளில் "செவ்வாய்க்கிழமைதோறும்" என்று கூட்டம் வைக்க முடியாது. ஆறு நாள் டே ஆர்டர், நடுவில் ஒரு விடுமுறை வந்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். ஆகவே கிழமையை விட்டுவிட்டு டே ஆர்டரையே பிடித்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய டைம்டேபிளையும் மேஜையில் பரப்பி, மூன்றாம் டே ஆர்டர் நான்காம் ஹவர் என்பது போலப் பொதுவாகக் காலியாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அப்படி ஒன்று கிடைக்காது என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். 2018 யு.ஜி.சி. விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்கிறது. சுயநிதிப் பிரிவில் அதைத் தாண்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கு மேல் லீவு போட்டவருக்குப் பதிலாகப் போகும் சப்ஸ்டிட்யூஷன். கிடைக்காவிட்டால் மதிய உணவு நேரம். எல்லோரும் டிபன் பாக்ஸோடு வந்துவிடலாம்.

கல்லூரி முடிந்த பிறகு வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியவர்கள் முதல் கூட்டத்துக்கு வருவார்கள், இரண்டாவதுக்கு வர மாட்டார்கள். அப்படி விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருப்பார்கள்.

இடம் ஹெச்.ஓ.டி. அறையாக இருக்கக் கூடாது, கான்ஃபரன்ஸ் ஹாலும் வேண்டாம். ஒரு காலி வகுப்பறை நல்லது. பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துப் பேசும்போதே சிலருக்குச் சில விஷயங்கள் உறைக்கும், பின் பெஞ்சிலிருந்து பலகையின் கீழ்ப் பாதி தெரியவே தெரியாது என்பது உட்பட.

முதல் கூட்டம்

விதி மூன்று போதும். உள்ளே பேசியது உள்ளேயே. ஒருவர் தன் வகுப்பைப் பற்றிச் சொல்லும்போது முதல் ஐந்து நிமிடம் யாரும் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். மூன்றாவது, மாணவர்களைத் திட்டுவதற்குத் தடை. இந்த மூன்றாவதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், ஆனால் விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். "மொபைல் வந்து எல்லாம் கெட்டுப்போச்சு" என்று ஒருவர் ஆரம்பித்தால் ஒரு ஹவர் போதாது. திட்டுவதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஸ்டாஃப் ரூம் இருக்கிறது, வாரம் முழுக்கத் திறந்தே இருக்கிறது.

அறிமுகம், நோக்க உரை எல்லாம் வேண்டாம். நேராக ஒரு கேள்வி: போன வாரம் உங்கள் வகுப்பில் எந்த இடத்தில் மாணவர்கள் கழன்றுகொண்டார்கள்? ஆளுக்கு நான்கு நிமிடம். பாடம், தலைப்பு, அந்தக் கணம். "செகண்ட் இயர் சரியில்லை" என்பது பதில் ஆகாது; "நிகழ்தகவில் நிபந்தனை வரும் இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்" என்பது பதில். முதல் ஆளாக நீங்களே சொல்லுங்கள், அதுவும் உண்மையிலேயே சங்கடமான ஒன்றைச் சொல்லுங்கள். அழகான பிரச்சினையைச் சொன்னால் மற்றவர்களும் அழகான பிரச்சினைகளாகவே சொல்வார்கள்.

வேலை இங்கேதான்: துண்டுச் சீட்டு

பேச்சு மட்டுமே என்றால் மூன்றாவது கூட்டத்தில் அலுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லோரும் வகுப்பிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஆரம்பிப்பதற்கு எளிது துண்டுச் சீட்டு. வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அரைத் தாளில் பெயர் இல்லாமல் ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்வது: இன்று எது புரியவில்லை? தமிழிலோ ஆங்கிலத்திலோ கலந்தோ எழுதலாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் "எவ்ரிதிங் அண்டர்ஸ்டுட்" என்று எழுதிக் கொடுத்துவிடும்.

ஓர் உதாரணம். முதலாண்டு பி.காம்., கணக்கியல் வகுப்பு. ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் டெபிட் என்று சொல்லிக்கொடுத்து, பத்து நடவடிக்கைகள் பலகையில் போட்டு, எல்லோரும் நோட்டில் எழுதியும் ஆயிற்று. சீட்டை வாங்கிப் பார்த்தால், "பேங்க்ல பணம் போட்டா கிரெடிட்னு மெசேஜ் வருது, நீங்க பணம் வந்தா டெபிட்னு சொல்றீங்க" என்று இருக்கும். ஒருவர் எழுதியிருப்பார், இன்னும் பலர் அதையே நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யப் போயிருப்பார்கள். அந்த மெசேஜ் பேங்கின் புத்தகத்திலிருந்து வருகிறது, நாம் போட்ட பணம் பேங்குக்குக் கடன், அதனால் அவர்களுக்கு அது கிரெடிட். அதே பணம் நம் புத்தகத்தில் சொத்து, ஆகவே டெபிட். வணிகவியல் ஆசிரியருக்கு இது இரண்டாம் இயல்பாகிவிட்டதால் குழப்பம் இருப்பதே கண்ணில் படாது. வட்டத்தில் இருக்கும் இயற்பியல்காரர் இந்தச் சீட்டைப் படித்துவிட்டு "ஆமா, எனக்கும் அது ரொம்ப நாளாப் புரியல" என்பார். அந்த நிமிடத்தில் அடுத்த வகுப்பு தயாராகிவிடும்: இரண்டு புத்தகங்களைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரை, ஒரே 5,000 ரூபாயை இரண்டிலும் எழுது, மாணவர்களைத் தங்கள் போனில் இருக்கும் மெசேஜை எடுக்கச் சொல்.

கூட்டத்தில் சீட்டுகளைப் படிக்கும்போது ஒரு ஒழுங்கு வையுங்கள். முதலில் உரிய ஆசிரியர் பேசக் கூடாது. மற்றவர்கள் சீட்டுகளை மூன்று நான்கு குவியலாகப் பிரிக்கட்டும். எந்தக் குவியல் பெரிது என்று தெரிந்த பிறகு அவர் பேசட்டும். இல்லையென்றால் "அது நான் சொன்னேனே, அவன்தான் அன்னைக்கு லீவு" என்று முதல் சீட்டிலேயே விளக்கம் ஆரம்பித்துவிடும்.

வகுப்பைப் போய்ப் பார்ப்பது

இரண்டாவது மாதத்தில் இதற்கு வாருங்கள், அவசரப்படாதீர்கள். இருவர் இருவராக ஜோடி சேர்த்து, துறை மாற்றி. முதல் நாளே பத்து நிமிடம் உட்கார்ந்து, எதைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பு எடுப்பவர் சொல்ல வேண்டும். "நான் கேள்வி கேட்டா யார் யார் பதில் சொல்றாங்கன்னு மட்டும் பாருங்க" என்பது நல்ல வேண்டுகோள். "எப்படி எடுக்கிறேன்னு பாருங்க" என்பது வேண்டாத வேண்டுகோள், அது பரீட்சை ஆகிவிடும்.

பார்ப்பவர் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார வேண்டும். நோட்டில் இடப்பக்கம் நேரம், நடுவில் ஆசிரியர் செய்தது, வலப்பக்கம் மாணவர்கள் செய்தது. அபிப்பிராயம் எங்கும் எழுதக் கூடாது. இப்படி இருக்கும்: 10.12, பலகையில் வரைபடம், பின் இரண்டு பெஞ்ச் வரையவில்லை. 10.16, "புரியுதா?", முன் பெஞ்சில் மூவர் "ம்". 10.16, அடுத்த தலைப்பு. இதை வாசிக்கும்போது 10.16 இரண்டு முறை வந்திருப்பதை வகுப்பு எடுத்தவரே கவனிப்பார். கேள்விக்கும் அடுத்த தலைப்புக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை. அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ 1970-களிலேயே இதைக் காட்டினார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள், மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதில் சொல்பவர்களும் கூடினார்கள். மூன்று விநாடி ரொம்ப நீளம், வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு வழி வகுப்பின் படம். பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்த இடத்தில் ஒரு கோடு. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் நம் வகுப்புகளில் கோடுகள் எந்தப் பக்கம் குவிகின்றன, கதவோரத்து வரிசைக்கு ஒன்றாவது விழுந்ததா என்று படமே சொல்லிவிடும். நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் "சூப்பர் சார், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஓடக் கூடாது. நம் ஊரில் இது ஒரு மரியாதை, ஆனால் இங்கே அது பேச்சை முடித்துவிடும். இரண்டு நாளுக்குள் இருபது நிமிடம் உட்காருங்கள். முதலில் எடுத்தவர், எங்கே நன்றாகப் போனது, எங்கே இல்லை என்று. பிறகு குறிப்பை இருவருமாக வாசிப்பது. கடைசியில் பார்த்தவர், அதுவும் தன் வகுப்புக்கு இதிலிருந்து எதை எடுத்துப் போகிறார் என்பதைச் சொன்னால் போதும். சீனியர் வகுப்பை ஜூனியர் பார்க்கும்போது இந்த வழிதான் இருவருக்கும் வசதி: யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை.

நன்றாகப் பழகிய பிறகு இன்னொன்று செய்யலாம். செமஸ்டர் நடுவில் ஆசிரியர் இருபது நிமிடம் வெளியே போய்விட, வேறு துறை சக ஆசிரியர் உள்ளே வந்து மாணவர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, இந்த வகுப்பில் உங்களுக்கு எது உதவுகிறது, எது தடுக்கிறது, என்ன மாற்றலாம் என்று கேட்டு, எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயங்களை மட்டும் எழுதிக்கொண்டு போய்ச் சொல்வது. அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இந்த முறை உருவானது. நம் மாணவர்களுக்கு இன்டர்னல் (கல்லூரி ஆசிரியரே போடும்) 25 மதிப்பெண் பயம் உண்டு, அதனால் கேட்க வருபவர் அவர்களுக்குப் பேப்பர் எடுக்காதவராக, அவர்கள் கையெழுத்தை அடையாளம் தெரியாதவராக இருக்க வேண்டும்.

வினாத்தாளை மறந்துவிடாதீர்கள்

வகுப்பில் என்னதான் செய்தாலும் மாணவர் பார்ப்பது வினாத்தாளைத்தான். போன ஐந்து வருடக் கேள்வியே வரும் என்றால் அவர் ஏன் வகுப்பில் யோசிக்க வேண்டும்? ஆகவே ஒரு கூட்டம் முழுவதையும் இன்டர்னல் தாள்களுக்கு ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத் தேர்வு உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம், தன்னாட்சிக் கல்லூரியில் கொஞ்சம் இருக்கும், இன்டர்னல் தேர்வு எப்போதும் உங்கள் கையில்தான். எல்லோரும் கடைசியாகப் போட்ட தாளைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு, மனப்பாடம் செய்தால் போதும் என்று தோன்றும் கேள்விகளை அடித்துக்கொண்டே வரட்டும். கடைசியில் அடிபடாமல் எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

பிறகு ஆளுக்கு ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வியை மாற்றி எழுதுங்கள். "தேவை நெகிழ்ச்சியின் வகைகளை விளக்குக" என்பதற்குப் பதிலாக (விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்பதுதான் நெகிழ்ச்சி): தக்காளி விலை இரண்டு மடங்கானாலும் வீட்டில் வாங்குவது அவ்வளவாகக் குறைவதில்லை, ஒரு குறிப்பிட்ட ஹோட்டலில் மட்டும் பிரியாணி விலை கூடினால் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள், நெகிழ்ச்சியைக் கொண்டு விளக்குக. அதே பாடம்தான், படிக்காமல் எழுத முடியாது, மனப்பாடம் செய்தும் எழுத முடியாது. எல்லாக் கேள்வியையும் இப்படி மாற்றக் கிளம்பாதீர்கள், பிள்ளைகள் பாவம். ஒரு தாளில் இரண்டு போதும், வகுப்பில் முன்கூட்டியே பழக்கிவிட்டுப் போடுங்கள்.

நேரம் இருந்தால் ஒரே பத்து மதிப்பெண் விடையை ஜெராக்ஸ் எடுத்து, பெயரை மடித்துவிட்டு, ஒரே துறை ஆசிரியர்கள் மூவர் தனித்தனியே திருத்திப் பாருங்கள். ஒருவர் 4 போட்டு இன்னொருவர் 7 போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எதற்காக 4, எதற்காக 7 என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டாலே எதை நல்ல விடை என்று நாம் நினைக்கிறோம் என்பது வெளியே வந்துவிடும்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

முதல்வர் கேட்பார், நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர்களை ஈடுபடுத்தும் வகுப்பு முறைகள் பலன் தருமா என்ற பெரிய கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது: 2014-ல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், ஏதாவது ஒரு வகையில் மாணவர்களையும் வேலை செய்யவைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். ஆனால் நம் வட்டத்தால் நம் வகுப்பில் என்ன மாறியது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

மாணவர் ஃபீட்பேக் படிவத்தை இதற்கு நம்பாதீர்கள். 2019-ல் ஹார்வர்டில் தொடக்கநிலை இயற்பியல் மாணவர்களை வைத்துப் பார்த்ததில், தாங்களே குழுவாகக் கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு நிறையக் கற்ற மாதிரி இருந்தது. புது முறையைக் கொண்டுவந்த செமஸ்டரில் உங்கள் ஃபீட்பேக் கொஞ்சம் இறங்கினால் இது ஞாபகம் இருக்கட்டும். அதோடு, இப்படி இறங்கலாம் என்று முதல்வரிடம் முன்பே சொல்லி வையுங்கள், இறங்கிய பிறகு சொன்னால் சாக்கு.

நான் சொல்வது எளிது. ஒரு தலைப்பு, அதற்கு மூன்று நான்கு கேள்விகள், பாடம் எடுக்கும் முன்பும் பிறகும், மறுபடி ஒரு மாதம் கழித்தும். மார்க் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. ஒரு மாதம் கழித்து நிற்பதுதான் கணக்கு.

வரக்கூடிய சிக்கல்கள்

வட்டத்தில் ஒருவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எல்லா வட்டத்திலும் இவர் உண்டு. மணி பார்ப்பதை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

ஹெச்.ஓ.டி. ஒருவர் வந்து "எங்க டிபார்ட்மென்ட் மேடம் கிளாஸ் எப்படி, நீங்க பார்த்தீங்களாமே" என்று கேட்பார். சாதாரணமாகத்தான் கேட்பார். நல்லதாகக்கூடச் சொல்லாதீர்கள். இன்று நல்லது சொன்னால் நாளை இன்னொருவரைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் வாய் திறக்காததே பதில் ஆகிவிடும். "அது அவங்க நோட்டு சார், அவங்களைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கூட்ட நாளன்று திடீரென்று வேறு வேலை வரும்: அட்மிஷன், இன்ஸ்பெக்ஷன், அமைச்சர் வருகை. ஒத்திவைக்காதீர்கள், வந்தவர்களோடு இருபது நிமிடமாவது உட்காருங்கள். இரண்டு முறை ஒத்திவைத்தால் மூன்றாவது கூட்டம் என்று ஒன்று இருக்காது.

பணம் கேட்காதீர்கள். நிதி வந்தால் பயன்பாட்டுச் சான்றிதழ் வரும், ஆடிட் வரும், பேனர் வரும். டீ செலவை முறை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு

அரசுக் கல்லூரியில் இடமாற்றம் வந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் போய்விடலாம், சுயநிதியில் மே மாதம் யார் இருப்பார் என்று சொல்ல முடியாது. எனவே ஒருங்கிணைப்பாளர் ஆண்டுதோறும் மாற வேண்டும், முதல் ஆண்டு நீங்கள் என்றால் இரண்டாம் ஆண்டு நிச்சயம் நீங்கள் இல்லை. ஒரு நீள நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆசிரியர் பெயர் கிடையாது. பாடம், மாணவர்கள் தடுக்கிய இடம், செய்து பார்த்தது, நடந்தது, இவ்வளவுதான். புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் வாரத்தில் அந்த நோட்டைக் கொடுத்தால் லெசன் பிளானைவிட உதவும். முதல் ஆண்டு உறுப்பினர்களில் பாதிப் பேர் விலகிப் புதியவர்கள் வரட்டும், விலகியவர்கள் விருப்பப்பட்டால் தங்கள் துறையில் தனியாக ஒன்று தொடங்கட்டும்.

இந்தக் கட்டத்தில் நிர்வாகத்திலிருந்து ஒரு யோசனை வரும்: உங்கள் வட்டமே சிறந்த ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து ஆசிரியர் தினத்தில் விருது கொடுக்கட்டுமே என்று. மரியாதையாக மறுத்துவிடுங்கள். தேர்ந்தெடுக்கும் வேலை கைக்கு வந்ததும் நீங்கள் மதிப்பிடுபவர்கள் ஆகிவிடுவீர்கள், அடுத்த கூட்டத்தில் ஒருவரும் தன் வகுப்பில் எது சொதப்பியது என்று சொல்ல மாட்டார்.

மறுப்பதோடு நிற்காமல் மாற்று ஒன்றைக் கையில் வைத்திருங்கள். செப்டம்பர் 5 ஒட்டிய வாரத்தில் திறந்த வகுப்புகள். விருப்பமுள்ள ஆசிரியர்கள் தங்கள் ஒரு ஹவரைத் திறந்துவிடலாம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஸ்டாஃப் ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டி, டே ஆர்டர், ஹவர், அறை எண், தலைப்பு, வர விரும்புவோர் பெயர் என்று ஐந்து கட்டம் போட்டால் போதும். ஒரு வகுப்புக்கு இரண்டு விருந்தாளிக்கு மேல் வேண்டாம், பின்னால் இரண்டு நாற்காலி போடச் சொல்லுங்கள். மாணவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்து அன்று ஒரு நாள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவார்கள், வந்தவர்கள் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.